பழுப்பேறிய படத்தைக் கழற்ற ஏன் விடுவதில்லை? ராமநாதபுரம் கடற்கரை வீடுகளின் சுவர்ப் படங்கள் பற்றி ஒரு விளக்கம்

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று எந்தக் கடற்கரை ஊரை எடுத்துக்கொண்டாலும் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டுகிறவர்கள் ஒரு கட்டத்தில் இந்தச் சிக்கலில் வந்து நிற்கிறார்கள். பெயின்ட் அடித்தாயிற்று, டைல்ஸ் போட்டாயிற்று. பால் காய்ச்சுவதற்கு இரண்டு நாள் முன்னால் பழைய வீட்டுப் படங்கள் அட்டைப் பெட்டியில் வந்து இறங்குகின்றன. பூஞ்சை பிடித்த முருகன், செக்கச்செவேல் என்று நிறம் மாறிப்போன கல்யாண போட்டோ, ஆணி துருவேறிய சட்டங்கள். "அப்பத்தா, இதையே புதுசா பிரிண்ட் போட்டுத் தர்றோம்" என்கிறார்கள் பேரப்பிள்ளைகள். அப்பத்தா ஒப்புக்கொள்வதில்லை. ஏன் என்று கேட்டால் "அது இருக்கட்டும்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

இதே கேள்வி வெள்ளத்தின்போது அவசரமாக வருகிறது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படித் தண்ணீர் ஏறும் நேரத்தில் டிவியையும் அரிசியையும் பரணில் ஏற்றுவது எல்லோருக்கும் புரியும். கூடவே சுவரில் இருக்கும் சட்டம் போட்ட படத்தையும் கழற்றி ஏற்றுவது வெளியாளுக்குப் புரியாது. சந்தையில் அந்தப் படத்தை நூறு ரூபாய்க்கும் யாரும் வாங்க மாட்டார்கள்.

அப்பத்தாவின் மறுப்பைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது தவறு. அதற்குப் பின்னால் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொண்டால் எந்தப் படத்தை வைத்துக்கொள்வது, எதைப் புதுப்பிப்பது, எதற்கு விடை கொடுப்பது என்று வீட்டில் சண்டை இல்லாமல் முடிவெடுக்கலாம்.

## வீட்டுக் கலை என்றால் எது?

கண்காட்சிக்கூடத்தில் கலை என்றால் ஓவியர் கையெழுத்துப் போட்ட அசல் ஓவியம். அந்த அளவுகோலை இங்கே கொண்டுவந்தால் இந்தக் கரையில் முக்கால்வாசி வீடுகளில் கலையே இல்லை என்று ஆகிவிடும். அது உண்மையில்லை. மனிதர்கள் தினமும் பார்ப்பதற்காக, அழகுக்காகவோ பக்திக்காகவோ நினைவுக்காகவோ, யோசித்து ஓர் இடத்தில் வைக்கும் எல்லாவற்றையும் இங்கே கணக்கில் எடுத்துக்கொள்வோம்: அச்சிட்ட சாமி படம், ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் போட்டோ, கீழக்கரை வீடுகளில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனம், தங்கச்சிமடம் வீடுகளில் பாதிரியாரிடம் மந்திரித்து (ஆசீர்வாதம் வாங்கி) மாட்டிய திரு இருதய ஆண்டவர் படம், பனை ஓலைப் பின்னல், கண்ணாடி அலமாரியில் வைத்த சங்கும் சோழியும்.

## அரண்மனைச் சுவரிலிருந்து காலண்டர் ஆணிக்கு

ராமநாதபுரம் அரண்மனையில் உள்ள ராமலிங்க விலாசம் இன்று தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அதன் சுவர்களில் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மன்னர் முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தில் தீட்டிய ஓவியங்கள் நிறைந்திருக்கின்றன. ராமாயணக் காட்சிகள் இருக்கின்றன, தஞ்சை மராத்தியருடன் நடந்த போர் இருக்கிறது, ஐரோப்பியரை மன்னர் சந்திக்கும் காட்சி இருக்கிறது. ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதியின் கையில் செங்கோலைக் கொடுக்கும் காட்சியும் உண்டு. கவனிக்க வேண்டியது இதைத்தான்: தெய்வமும் வீட்டுக்காரரும் ஒரே சுவரில் இருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு மீனவர் வீட்டில் வேளாங்கண்ணி மாதாவுக்குப் பக்கத்தில் இறந்துபோன தாத்தாவின் படமும் அதற்குப் பக்கத்தில் படகின் முன்னால் நின்று எடுத்த போட்டோவும் வரிசையாக இருப்பதும் அதே ஏற்பாடுதான். நம்மைக் காப்பவர், நமக்கு முன்னால் இருந்தவர், நாம் என்று மூவரையும் அந்தச் சுவர் ஒன்றாக நிறுத்துகிறது.

சுவரில் படம் என்பது பெரும்பாலும் அரண்மனைக்கும் கோயிலுக்கும் உரியதாக இருந்த நிலையை அச்சு மாற்றியது. ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து லட்சுமியும் சரஸ்வதியும் வண்ணப் படங்களாகச் சாதாரண வீடுகளுக்கு வந்தார்கள். தெற்கே கோவில்பட்டியில் இருந்து வரைந்த சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் தீட்டிய முருகன், மீனாட்சி படங்களைச் சிவகாசி அச்சகங்கள் காலண்டராக அடித்துத் தமிழ்நாடு முழுக்க அனுப்பின. மளிகைக் கடைக்காரர் தைக்கு இலவசமாகக் கொடுத்த காலண்டர், வருஷம் முடிந்ததும் தேதி அட்டையை வெட்டி எறிந்துவிட்டுச் சட்டம் போடப்பட்டது. காசு கொடுத்து வாங்காத படம் வீட்டின் நிரந்தரப் படமாக ஆனது இப்படித்தான். நம் ஊர்களின் பூஜை அறைகளில் இன்றைக்கும் இருக்கிற தெய்வ முகங்களில் பல அந்தக் கோவில்பட்டி ஓவியர்களின் கையில் உருவான முகங்கள் என்பதை இன்னும் அதிகம் பேர் தெரிந்துகொள்ள வேண்டும்.

போட்டோவின் கதை வேறு. இந்தக் கரையில் அதற்கு ஒரு தனிக் கனம் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ரயில் நிலையம், தேவாலயம், வீடுகள் எல்லாம் போயின. பிழைத்தவர்கள் வேறு இடங்களில் குடியேறினார்கள். அப்படி வந்த ஒரு குடும்பத்துக்கு, வெளியூர் உறவினர் வீட்டில் தப்பிக் கிடந்த ஒரு குரூப் போட்டோ கிடைத்திருந்தால், முந்தைய தலைமுறையின் முகத்துக்கு அது ஒன்றுதான் சாட்சி. அந்தப் படத்தின் மதிப்பை அதன் தெளிவைக் கொண்டோ அளவைக் கொண்டோ யாரும் கணக்கிட முடியாது.

## பிடிப்பு எப்படி உண்டாகிறது?

இது ஒரே உணர்ச்சி இல்லை. தனித்தனியாக வேலை செய்யும் சில விஷயங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிகின்றன.

1. பார்த்துப் பழகுவது. ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதாலேயே அதன்மேல் விருப்பம் கூடும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ஸ் 1968இல் காட்டினார். அர்த்தமில்லாத சொற்கள், முன்பின் தெரியாத முகங்கள் ஆகியவற்றிலும்கூட அடிக்கடி பார்த்தவற்றையே மக்கள் நல்லவையாக மதித்தார்கள். ஓவியங்களுக்கும் இது பொருந்தும் என்று 2003இல் ஜேம்ஸ் கட்டிங் கண்டார்: வகுப்பில் அடிக்கடி திரையில் வந்துபோன ஓவியங்களை மாணவர்கள் கூடுதலாக விரும்பினார்கள். ஆனால் 2013இல் வந்த இன்னொரு ஆய்வு இதற்கு ஒரு வரம்பு வைத்தது. தரக்குறைவானவை என்று விமர்சகர்கள் சொல்லும் படங்களை மறுபடி மறுபடி காட்டியபோது விருப்பம் ஏறவில்லை, இறங்கியது. ஆகவே பழக்கம் மட்டும் எல்லாவற்றையும் விளக்கிவிடாது.

2. நம்முடையது என்பது. ரிச்சர்ட் தாலர், டேனியல் கானமன், ஜாக் நெட்ச் ஆகியோர் 1990இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காபிக் கோப்பை கொடுக்கப்பட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் கையில் வந்த கோப்பை. ஆனாலும் அதை விற்க அவர்கள் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் கொடுக்கத் தயாராக இருந்த விலையைப்போலச் சுமார் இரண்டு மடங்கு. சற்று முன் கிடைத்த கோப்பைக்கே இப்படி என்றால் நாற்பது வருஷம் ஒரே ஆணியில் தொங்கிய படத்துக்கு என்ன விலை என்று கேட்பதில் அர்த்தமில்லை.

3. அதேதான் வேண்டும் என்பது. "புதுசா பிரிண்ட் போட்டுத் தர்றோம்" என்பதற்கு நேரடியான பதில் இங்கேதான் இருக்கிறது. ப்ரூஸ் ஹூட், பால் ப்ளூம் இருவரும் 2008இல் வெளியிட்ட சோதனையில் 3 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளிடம் ஒரு பெட்டியைக் காட்டி, இது எந்தப் பொருளையும் அப்படியே நகல் எடுக்கும் என்று நம்பவைத்தார்கள். சாதாரண பொம்மை என்றால் குழந்தைகள் பலர் 'நகலை' வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். தினமும் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை என்றால் பெரும்பாலோர் அசலைத்தான் கேட்டார்கள். சிலர் அதைப் பெட்டிக்குள் வைக்கவே விடவில்லை. நகல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்தப் பொருளைத் தொட்ட கைகளின் வரலாறு அதில் இல்லை என்று நாம் உணர்கிறோம். அறிவுக்கு அது வெறும் காகிதம் என்று தெரியும். மனம் ஏற்காது.

ஒரு பழைய சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். ஹார்ட்போர்டு அட்டை, அதைப் பிடித்திருக்கும் துருவேறிய சின்ன ஆணிகள், பிரேம் கடையின் கிழிந்த ஸ்டிக்கர், சில சமயம் படத்துக்கு முட்டுக்கொடுக்க மடித்து வைத்த பிஸ்கட் டப்பா அட்டை. முன்பக்கம் தினமும் வைத்த சந்தனப் பொட்டு கண்ணாடியில் மங்கலான வட்டமாகப் படிந்திருக்கும். அந்தப் பொட்டை வைத்தவர் இன்று இல்லாமல் இருக்கலாம். புதுப் பிரிண்ட்டில் கிடைக்காதது இதுதான்.

4. நினைவும் உறவும். 1981இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் சிகாகோ பகுதியின் 82 குடும்பங்களைச் சேர்ந்த 315 பேரிடம், வீட்டில் உங்களுக்கு முக்கியமான பொருட்கள் எவை என்று கேட்டார்கள். மேசை நாற்காலி வகைகளுக்கு அடுத்தபடி அதிகம் சொல்லப்பட்டவை ஓவியம் போன்ற சுவர்ப் படங்கள். அதற்கு அடுத்து போட்டோக்கள். ஏன் முக்கியம் என்ற கேள்விக்கு அழகு, கைத்திறன் என்று பதில் வந்தது குறைவு. யார் கொடுத்தது, எங்கே வாங்கியது, யாரை நினைவுபடுத்துகிறது என்பவைதான் அதிகம். வயது கூடக்கூடப் போட்டோக்களின் முக்கியத்துவம் கூடியது. இளையவர்களுக்குப் பாட்டுக் கேட்கும் கருவி போன்று இயக்கிப் பயன்படுத்தும் பொருட்களே முக்கியமாக இருந்தன. புது வீட்டில் பேரனும் அப்பத்தாவும் ஒரே சுவரைப் பார்த்து வேறு வேறு விஷயம் பேசுவது இதனால்தான். யாரும் தவறில்லை.

5. மூளையில் நடப்பது. எட்வர்ட் வெசல் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு சுவாரசியமானது. ஓவியங்களைப் பார்க்கும்போது மூளையைப் படம் பிடித்தார்கள். 'மிக ஆழமாகத் தொட்டது' என்று ஒருவர் சொன்ன ஓவியங்களுக்கு மட்டும், நாம் நம்மைப் பற்றியே நினைக்கும்போது இயங்கும் பகுதிகள் விழித்தன. ஓரளவு பிடித்த ஓவியங்களுக்கு அப்படி நடக்கவில்லை. எந்த ஓவியம் யாரைத் தொடும் என்பதும் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறியது. கலை நம்மைத் தொடுகிறது என்றால் அது நம் சொந்தக் கதையோடு எங்கோ ஒட்டிக்கொள்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

கீழக்கரை வீடு ஒன்றில் வளைகுடாவிலிருந்து வாப்பா கொண்டுவந்த கஃபா படம் போட்ட துணி கூடத்தில் தொங்கும். ஏறக்குறைய அதே துணி பக்கத்து வீட்டிலும் தொங்கும். ஆனால் இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் துணி, வாப்பா இல்லாமல் கழிந்த வருஷங்களும் அவர் வந்து பெட்டியைத் திறந்த நாளும். மாற்றிக்கொள்ளச் சொன்னால் மாட்டார்கள்.

## கடல் காற்று படத்தை என்ன செய்கிறது?

உணர்ச்சி ஒருபக்கம் இருக்கட்டும். இந்தக் கரையில் படங்கள் உள்நாட்டு ஊர்களைவிடச் சீக்கிரம் கெடுகின்றன. மதுரையில் உங்கள் அத்தை வீட்டில் நன்றாக இருக்கும் அதே போட்டோ பாம்பனில் பாழாகியிருப்பதற்குப் படத்தைக் கவனிக்காதது காரணமில்லை. காற்றுதான் காரணம்.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காய்ந்து உப்புத் தூளாகக் காற்றில் வருகின்றன. உப்பு ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீத ஈரப்பதத்திலேயே அப்படி ஆகும். அதாவது உப்புத் தூள் படிந்த படம் வெயில் நாளிலும் முழுதாகக் காய்வதில்லை. காகிதம் ஈரமாகவே இருந்தால் பூஞ்சை வரும். பூஞ்சையும் பசையும் இருக்கும் இடத்துக்கு ராமபாணப் பூச்சி வரும். ஆணி துருப்பிடித்து அந்தக் கறை அட்டை வழியாகப் படத்துக்கு இறங்கும். மலிவான ஹார்ட்போர்டில் உள்ள அமிலம் காகிதத்தைப் பின்னாலிருந்து பழுப்பாக்கும்.

நிறம் மாறுவதில் இரண்டு வகை உண்டு. வெயில் படும் சுவரில் மாட்டிய காலண்டர் படத்தில் மஞ்சள் மையும் சிவப்பு மையும் முதலில் வெளுக்கும். மிஞ்சுவது நீலமும் கறுப்பும். மஞ்சள் பட்டு உடுத்திய முருகன் நீல முருகனாக நிற்பார். 1970, 80களின் கலர் போட்டோக்களில் நேர்மாறு: அவற்றின் நீலச்சாயம் இருட்டில் ஆல்பத்துக்குள் இருந்தாலும் தானாகவே சிதையும். அதனால் படம் முழுக்கச் சிவந்துபோகும். நீலமான படத்தை வெயிலிலிருந்து நகர்த்தினால் மேலும் கெடுவதைத் தடுக்கலாம். சிவந்த போட்டோவை நகர்த்துவதால் மட்டும் பெரிய பயன் இல்லை. உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

இன்னொரு கேடு, போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வது. போட்டோவின் மேல்பரப்பு ஜெலட்டின். ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியில் பசைபோலப் பிடித்துக்கொள்ளும். பிரித்தால் கன்னமும் சேலைக் கரையும் கண்ணாடியோடு போய்விடும், காகிதத்தில் வெள்ளைத் திட்டு மட்டும் நிற்கும். இப்படி ஒரே இழுப்பில் அழிந்த போட்டோக்கள் ஏராளம். தயவுசெய்து பிரிக்காதீர்கள்.

## அப்படியானால் என்ன செய்வது?

படத்தின் உள்ளடக்கத்தைக் காப்பது ஒரு வேலை, அந்தப் பொருளையே காப்பது இன்னொரு வேலை. ஸ்கேன் முதல் வேலையைச் செய்கிறது. இரண்டாவதைச் செய்வதில்லை. வீட்டில் இது புரியாததால்தான் பேச்சு முறிகிறது. இரண்டையும் செய்யலாம், செலவும் அதிகமில்லை.

1. முதலில் நகல். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுங்கள், அல்லது வெளிச்சம் பிரதிபலிக்காத கோணத்தில் நிழலில் வைத்துப் போன் கேமராவில் எடுங்கள். சரிசெய்த நகலை மாட்டிக்கொள்ளலாம். அசலைத் தூக்கி எறிவதற்கு அந்த நகல் அனுமதி ஆகாது.

2. லேமினேஷன் வேண்டாம். ஒரே பிரதியாக இருக்கும் பழைய போட்டோவைச் சூட்டில் பிளாஸ்டிக்குக்குள் ஒட்டிவிட்டால் பிறகு எடுக்க வழியே இல்லை. கடைக்காரர் நல்லெண்ணத்தில்தான் சொல்வார். நகலை லேமினேட் செய்துகொள்ளுங்கள்.

3. சட்டத்தை மாற்றலாம், படத்தை அல்ல. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் கனமான அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். பின்னால் ஹார்ட்போர்டுக்குப் பதில் அமிலம் நீக்கிய அட்டை. இரும்பு ஆணிக்குப் பதில் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பழைய சட்டத்தின் மரமே வேண்டும் என்று பெரியவர் சொன்னால் அதைத் தேய்த்து வார்னிஷ் அடித்து அதற்குள்ளேயே இதையெல்லாம் செய்ய முடியும்.

4. மாட்டும் இடம். கடலைப் பார்த்த வெளிச்சுவரின் உட்பக்கத்தில் வேண்டாம், அது எப்போதும் ஓதமாக இருக்கும். உள்சுவர் நல்லது. சட்டத்தின் பின்னால் மூலைகளில் சிறு ரப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றோடும்.

5. வெள்ளத்தில் நனைந்தால். ஸ்டுடியோ போட்டோ என்றால் சுத்தமான தண்ணீரில் மெல்ல அலசி, தேய்க்காமல், முகம் மேலாக நிழலில் வெள்ளைத் துணிமேல் காயவையுங்கள். செய்தித்தாள்மேல் வைத்தால் மை ஒட்டும். வீட்டுப் பிரிண்டரில் எடுத்த படத்தை அலசக் கூடாது, மை ஓடிவிடும். ஒன்றோடொன்று ஒட்டிய போட்டோக்களை உடனே பிரிக்க முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு பிரீசரில் வையுங்கள்; கெடுவது நிற்கும், நிதானமாகப் பிறகு பார்க்கலாம்.

## அலமாரியில் பவளப்பாறை

சங்கு, சிப்பி, சோழிகளோடு அப்பா கடலிலிருந்து கொண்டுவந்த பவளப்பாறைத் துண்டும் சில வீடுகளில் இருக்கும். அதன்மேல் இருக்கும் பாசம் உண்மையானது. ஆனால் மன்னார் வளைகுடா 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளப்பாறைகள், கடல் விசிறிகள், கடல் குதிரைகள் ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. எடுப்பது, விற்பது, வாங்குவது, ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது எல்லாம் குற்றம். எல்லாச் சங்கும் சிப்பியும் இந்தப் பட்டியலில் இல்லை, சில வகைகள் இருக்கின்றன. பழைய துண்டு வீட்டில் இருந்தால் அன்பளிப்பாகவும் தராதீர்கள். வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. புதிதாக ஆசைப்படவே வேண்டாம். அந்தப் பாறைகள் இருந்தால்தான் இந்தக் கரைக்கு மீன் இருக்கும்.

## விடை கொடுக்க வேண்டிய படங்கள்

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது. கறையான் தின்று முகமே இல்லாமல் போன சாமி படத்தைக் குப்பையில் போட மனம் வராமல் அரச மரத்தடியிலும் கோயில் மதில் ஓரத்திலும் கடற்கரையிலும் வைத்துவிட்டு வருகிறோம். மரியாதையாகத்தான் செய்கிறோம். ஆனால் கண்ணாடி உடைந்து மணலுக்குள் கிடந்து வெறுங்காலோடு வலை இழுப்பவரின் பாதத்தைக் கிழிக்கிறது. மரியாதைக்கு வேறு வழி மூன்று சமயத்தாரிடமும் இருக்கிறது. குர்ஆன் வசனம் எழுதிய காகிதத்தைக் கால் படாத இடத்தில் புதைக்கிறார்கள். மந்திரித்த படத்தைக் கத்தோலிக்கர்கள் எரிப்பார்கள் அல்லது புதைப்பார்கள். இந்து வீடுகளிலும் கண்ணாடி, ஆணி, பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டுக் காகிதத்தை மட்டும் தீக்குக் கொடுக்கலாம், தோட்டத்து மண்ணில் புதைக்கலாம்.

முடிவை யார் எடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், படத்துக்கு முன்னால் அதிக நாள் நின்றவர்தான் அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். புது வீட்டின் இன்டீரியர் வரைபடம் போடும் முன்பே அவரிடம் கேட்டு, அவருக்கென்று ஒரு சுவரை, அதுவும் அவர் உட்காரும் இடத்திலிருந்து தெரியும் சுவரை ஒதுக்கிவிடுங்கள்.

வைத்துக்கொள்ளும் போட்டோக்களில் இருப்பவர்கள் யார் என்பதை இப்போதே கேட்டுப் பதிந்துகொள்வதும் அவசரம். அடுத்த தலைமுறைக்கு முகம் மிஞ்சும், பெயர் மிஞ்சாது. பெயர், உறவு, ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்ற நான்கும் போதும். பழைய காகிதப் போட்டோ என்றால் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். பால்பாயின்ட் பேனாவில் எழுதினால் முன்பக்கம் தடம் விழும், ஈரத்தில் மை ஊறும். பின்பக்கம் வழவழப்பாக இருக்கும் பிற்காலப் போட்டோவில் பென்சில் பிடிக்காது. அதற்குத் தனித்தாளில் எழுதி, சட்டத்தின் பின்னட்டைக்கு வெளியே ஓர் உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள்.